வடமும் முட்டுக்கட்டையும்



பொது நோக்கம் பணியிடத்தில் ஒரு குழுவையும் அதிலுள்ள தனிமனிதரையும் எவ்வாறு உயர்த்துகிறது என்பது இன்றைய உரைக்கு வகுத்துக்கொண்ட பொருள். இதைத் தமிழில் பேசத் தொடங்கினால் நம் வாயில் முதலில் வருவது தேர்தான். ஊர் கூடித் தேர் இழுப்பது என்ற தொடர் இன்று கோயில் வாசலைவிட நிர்வாகக் கூட்டங்களில்தான் அதிகம் புழங்குகிறது. கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை, பள்ளி முதல்வரின் வரவேற்புரை, மென்பொருள் நிறுவனத்தின் பொங்கல் விழா என எங்கும் அந்தத் தேர் ஒரு சுற்று வந்துவிடுகிறது. சொல்கிறவர் மனத்தில் இருப்பது நீண்ட வடமும் ஆயிரம் கைகளும் ஒரே திசையும். தேரோட்டத்தைக் கிட்டே நின்று பார்த்தவர்களுக்கு இந்தப் படம் பாதிதான் என்று தெரியும். திருவாரூர் ஆழித்தேர் போன்ற, சுமார் 300 டன் எடையுள்ள தேரை வடம் நகர்த்தும், திருப்பாது, நிறுத்தாது. வடம் பிடிப்பவர் கண்ணுக்குத் தேரே தெரிவதில்லை, அது அவர் முதுகுக்குப் பின்னால் வருகிறது. சக்கரத்தை ஒட்டியே நடந்து, எந்தச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் தேர் எந்தப் பக்கம் ஒடியும் என்று கணித்து, உயிரைப் பணயம் வைத்து முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான் வீதி முக்குகளில் அதைத் திருப்புகிறார்கள். திருச்சி பெல் நிறுவனம் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய பிறகும் அவர்களுக்கு வேலை போகவில்லை. பேச்சு வழக்கிலோ ஒருவர் முட்டுக்கட்டை போடுகிறார் என்றால் காரியத்தைக் கெடுக்கிறார் என்று பொருள். தேரைத் திருப்பியவருக்கு நம் மொழி கொடுத்த சன்மானம் இதுதான்.

பொது நோக்கம் பலன் தருகிறது, அதற்குச் சான்றுகள் உண்டு என்பதை நான் ஏற்கிறேன். அது எங்கே குடியிருக்கும்போது பலன் தருகிறது என்பதில்தான் வழக்கமான நிர்வாகப் பேச்சோடு எனக்கு வேறுபாடு. ஊழியரின் நெஞ்சில் கிளர்ச்சியை மூட்டிவிட்டால் போதும் என்று அந்தப் பேச்சு நினைக்கிறது. வேலையைப் பிரித்துக்கொடுக்கும் விதத்தில், தன் வேலையின் மறுமுனையை ஊழியர் காண முடிவதில், கட்டை போடும் உரிமை இன்னாருக்கு உண்டு என்ற ஏற்பாட்டில் நோக்கம் பொதிந்திருக்க வேண்டும் என்று நான் வாதிடப் போகிறேன். நாசாவில் தரை துடைத்தவர் ஒருவர், மனிதனை நிலவுக்கு அனுப்ப உதவிக்கொண்டிருப்பதாக அதிபர் கென்னடியிடம் சொன்ன கதையை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். பெயரும் தேதியும் இல்லாமல் மேடை மேடையாகச் சுற்றும் கதை அது. அவருக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று அந்தக் கதையில் யாரும் கேட்பதுமில்லை.

கதையை விட்டுச் சோதனைக்கு வருவோம். 1954ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற பூங்காவுக்கு 22 சிறுவர்களை அழைத்துச்சென்றார் முசாஃபர் ஷெரீஃப் என்ற சமூக உளவியலாளர். எல்லோருக்கும் ஏறத்தாழ பதினொரு வயது, முன்பின் அறியாதவர்கள். இரண்டு குழுவாகப் பிரித்து, பரிசுகளைக் காட்டிப் போட்டிகள் நடத்தினார்கள். சில நாட்களிலேயே ஒரு குழு மற்றதன் கொடியை எரித்தது. இரவில் தங்குமிடங்களுக்குள் புகுந்து சூறையாடினார்கள். பகையைத் தணிக்க முதலில் செய்தது இன்றைய அலுவலகங்களும் செய்வதுதான்: ஒரே கூடத்தில் சாப்பிட வைத்தார்கள், சேர்ந்து படம் பார்க்க வைத்தார்கள். சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் எறிந்ததுதான் மிச்சம். பிறகு முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றது. எங்கே அடைப்பு என்று இரு குழுவும் சேர்ந்து தேட வேண்டியதாயிற்று. உணவு வாங்கிவரப் போகவிருந்த லாரி கிளம்ப மறுத்தது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒருவரையொருவர் இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி எல்லோரும் ஒரு பக்கமாக நின்று இழுத்தார்கள். ஒரே நாளில் பகை போய்விடவில்லை. இப்படிப் பல வேலைகள், ஒரு குழுவால் மட்டும் முடியாத வேலைகள், அடுத்தடுத்து வந்த பிறகே தணிந்தது. குழு ஒற்றுமைக்கென்று ஊழியர்களை வேனில் ஏற்றி மாமல்லபுரம் விடுதிக்குக் கூட்டிப்போகும் மனிதவளத் துறையினர் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். சேர்ந்து உட்கார்ந்ததால் வராத ஒற்றுமை, தனியாகச் செய்ய முடியாத வேலையால் வந்தது.

இந்தச் சோதனைக்குக் கடுமையான மறுப்பும் உண்டு. ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜினா பெர்ரி 2018இல் வெளியிட்ட நூலில் இதன் முன்கதையைத் தோண்டியெடுத்தார். முந்தைய ஆண்டு, 1953இல், ஷெரீஃப் இதே போன்ற ஒரு முகாமை நியூயார்க் மாநிலத்தில் நடத்தித் தோற்றிருந்தார். அந்தச் சிறுவர்கள் பிரிக்கப்படும் முன்பே நண்பர்களாகிவிட்டிருந்தார்கள். தங்களை மூட்டிவிடுவது பெரியவர்கள்தான் என்ற சந்தேகம் அவர்களுக்கு வந்தது. சோதனை பாதியில் கைவிடப்பட்டது. ஆகவே ஷெரீஃபின் முடிவுகள் ஜோடிக்கப்பட்டவை, அவற்றை வைத்து எதையும் நிறுவக்கூடாது என்பார் உண்டு. 22 சிறுவர்களை வைத்து மனித குலத்துக்கு விதி எழுத முடியாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் தோற்ற முகாமும் ஒன்றைச் சொல்கிறது என்றே எனக்குப் படுகிறது. பின்னால் இருந்து இயக்கும் கை தெரிந்துவிட்டால் சிறுவர்கள்கூட அதற்கு ஆடுவதில்லை. சம்பள உயர்வை நிறுத்திய மாதத்தில் நோக்கவுரையைப் புதிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டும் நிறுவனங்களில் ஊழியர்கள் காட்டும் புன்னகை இந்த வகையைச் சேர்ந்தது.

இங்கே இலக்கையும் நோக்கத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் ஒரே எண்ணை இலக்காகக் கொடுத்துவிட்டால் அது பொது நோக்கம் ஆகிவிடாது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒவ்வொரு குடும்பத்துக்கும் எட்டுச் சேவைகளை விற்றாக வேண்டும் என்று கிளை ஊழியர்களை விரட்டியது. எட்டு என்ற எண் எல்லோருக்கும் பொதுவானது, எளிதில் எண்ணக்கூடியது, தினமும் நினைவூட்டப்பட்டது. நிர்வாகப் பாடநூல் கேட்கும் எல்லாம் அதில் இருந்தன. விளைவு, வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர் பெயரில் லட்சக்கணக்கான கணக்குகள் தொடங்கப்பட்டன. 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம். வேலையிழந்த ஊழியர்கள் சுமார் 5,300 பேர். அந்த ஊழியர்களுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் போய், எட்டு மட்டும் தெரிந்தது. இலக்கு எவ்வளவு என்று சொல்லும். யாருக்காக என்று அதனிடம் கேட்டால் விடை கிடைக்காது.

யாருக்காக என்பது கண்ணில் பட்டால் வேலை எவ்வளவு மாறும் என்பதை அளந்து பார்த்தவர் ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர். 2007இல் வெளியான அவருடைய ஆய்வு, ஒரு பல்கலைக்கழகத்துக்காக முன்னாள் மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து நன்கொடை கேட்பவர்களைப் பற்றியது. ஒரே பேச்சை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பேசி, பெரும்பாலும் மறுப்பையே வாங்கிக்கொள்ளும் வேலை. அவர்களில் ஒரு பிரிவினரை, அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் ஒரு மாணவரோடு ஐந்து நிமிடம் பேச வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிரிவினர் தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142 விழுக்காடும், திரட்டிய பணம் 171 விழுக்காடும் கூடியிருந்தன. சோதனைக்கு உட்பட்டவர்கள் சில பத்துப் பேரே என்பதால் இந்த விழுக்காடுகளை அப்படியே வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, 2011இல் அவர் டேவிட் ஹாஃப்மனோடு சேர்ந்து வெளியிட்ட மற்றொரு ஆய்வு. வேலையின் பயனைப் பற்றி மேலாளர் எடுத்துச்சொல்வதைவிட, பயன்பெற்றவரே வந்து சொல்வது கூடுதலாக வேலை செய்கிறது என்று அவர்கள் கண்டார்கள். மேலாளர் சொன்னால், இன்னும் கொஞ்சம் வேலை வாங்கத்தானே இதைச் சொல்கிறார் என்ற சந்தேகம் கூடவே வந்துவிடுகிறது. நோக்கத்தைப் பற்றிப் பேசத் தகுதி குறைந்தவர் அதைப் பற்றி அதிகம் பேசுகிற தலைவர்தான் என்பது சங்கடமான முடிவு. தலைவர் செய்யக்கூடியது வேறொன்று உண்டு: ஊழியரையும் பயன்பெறுபவரையும் பிரித்து நிற்கும் சுவரை இடிப்பது.

அதைச் செய்துகாட்டிய நிறுவனம் நம் மதுரையிலேயே இருக்கிறது. எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதம் விரல்களை வளைத்துவிட்ட பிறகும் கத்தி பிடிக்கப் பழகியவர் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அவருடைய வாழ்க்கையைப் பேச நான் இங்கே வரவில்லை. அவர் எடுத்துக்கொண்ட நோக்கத்தின் சொற்களைக் கவனிக்கச் சொல்கிறேன். தேவையற்ற பார்வையிழப்பை ஒழிப்பது என்றார். அதில் தேவையற்ற என்ற அடைமொழிதான் வேலை செய்கிறது. எல்லாக் குருட்டையும் போக்குவேன் என்றால் அது பிரார்த்தனை. சிறிய அறுவை சிகிச்சையால் திரும்பக்கூடிய பார்வை, பணமும் போக்குவரத்தும் இல்லாததால் திரும்பாமல் இருக்கிறது என்றால் அதை எண்ணலாம், எங்கே தடைபடுகிறது என்று தேடலாம், தடையை ஒவ்வொன்றாக எடுக்கலாம். தேடினார்கள். கண் பரிசோதனை முகாமில் கண்புரை என்று சொல்லி, அறுவை இலவசம் என்று அறிவித்தும் பலர் வரவில்லை. கேட்டுப் பார்த்தால் பஸ் கட்டணம், போன இடத்தில் சாப்பாடு, கூட வருகிறவருக்கு அன்றைய கூலி நட்டம், கத்தியைப் பற்றிய பயம் எனக் காரணங்கள் வந்தன. ஆகவே முகாமிலிருந்து பேருந்தில் ஏற்றி, சாப்பாடு போட்டு, அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுவிடும் வழக்கம் வந்தது. பிறகு முகாம்களுக்கே சிகிச்சை தேவைப்படுவோரில் மிகச் சிறிய பங்கினர்தான் வருகிறார்கள் என்று 1999இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது; அதை மறைக்காமல் எடுத்துக்கொண்டு, சிற்றூர்களில் நிரந்தரமான பார்வை மையங்களைத் தொடங்கினார்கள். அங்கே பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைச் சோதிப்பார்; மருத்துவர் நகரத்தில் இருந்தபடி இணையத்தின் வழியே பார்ப்பார். நோக்கம் தெளிவாக இருந்ததால் தோல்வியும் தெளிவாகத் தெரிந்தது என்பதை இதில் பார்க்கிறோம்.

மருத்துவமனைக்கு உள்ளே வேலை பிரிக்கப்பட்ட விதம் இன்னும் நுட்பமானது. அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளியைத் தயார்செய்து வைத்திருப்பார்கள். மருத்துவர் ஒன்றை முடித்ததும் நுண்ணோக்கியோடு திரும்பி மற்றதைத் தொடங்குகிறார். இதனால் அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 அறுவைகள் செய்ய முடிகிறது. நாட்டின் சராசரி இதில் நான்கில் ஒரு பங்குகூட இராது. இந்த வேகம் மருத்துவரின் கையில் இல்லை. சுற்றியிருக்கும் பெண்களிடம் இருக்கிறது. கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்து வரும் இளம்பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்து, கண்ணாடி அளவு பார்ப்பது, அறுவைக்குத் தயார்செய்வது, அரங்கில் கருவி கொடுப்பது, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் விளக்கிச்சொல்வது என ஒவ்வொன்றிலும் தேர்ந்தவர்களாக ஆக்குகிறார்கள். ஊழியர்களில் பெரும்பகுதியினர் இவர்களே. மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை மட்டும் மருத்துவர் செய்கிறார், மற்றதெல்லாம் இவர்கள் கையில். அறுவைகளில் பாதிக்கு மேற்பட்டவை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடக்கின்றன. பணம் கட்டும் பிரிவிலும் இலவசப் பிரிவிலும் அதே மருத்துவர்கள் மாறி மாறிப் பணி செய்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த உள்விழி லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாதபோது, 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கித் தாங்களே செய்தார்கள். நூறு டாலருக்கு மேல் விற்ற பொருளின் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. இந்த ஏற்பாட்டில் தன் வேலை எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியாத ஆள் இருக்க முடியாது. மறுநாள் காலை கட்டு அவிழ்க்கும்போது பாட்டி பேத்தியின் முகத்தைப் பார்க்கிறார். கட்டை அவிழ்த்த பெண் அதைப் பார்க்கிறாள். கிராண்ட் ஐந்து நிமிடத்துக்கு ஏற்பாடு செய்த சந்திப்பு இங்கே தினசரி வேலையின் ஒரு படியாகவே இருக்கிறது. வேகத்தால் தரம் கெடுகிறதா என்ற கேள்வி நியாயமானது. அதற்காகவே அறுவைக்குப் பின் வரும் சிக்கல்கள் பதிவுசெய்யப்பட்டு அலசப்படுகின்றன, பிரிட்டனின் கணக்குகளோடு ஒப்பிட்டபோது அரவிந்த் பின்தங்கியிருக்கவில்லை.

இது விதிவிலக்கு, ஒரு மகானின் நிழலில் வளர்ந்தது, மற்ற இடங்களுக்குப் பொருந்தாது என்பது அடிக்கடி வரும் மறுப்பு. முதல் பாதிக்கு விடை எளிது. வெங்கடசாமி 2006இல் காலமானார். இன்று அந்த மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளும் சிகிச்சை முறைகளும் நடக்கின்றன. அவருக்குப் பிறகும் வளர்ச்சி நிற்கவில்லை. இரண்டாம் பாதி அவ்வளவு எளிதல்ல, அதில் உண்மை இருக்கிறது. கண்புரை என்பது நோக்கத்தைப் பகிர்வதற்கு அபூர்வமாக வாய்த்த வேலை. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவது, சில நிமிடங்களில் முடிவது, பலன் ஒரு நாளில் தெரிவது. திருப்பூரில் பனியனின் கழுத்துப்பட்டியை மட்டும் நாள் முழுக்கத் தைப்பவருக்கு, அதை அணியப்போகும் ஜெர்மானியக் குழந்தையின் முகம் தெரியப்போவதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு காப்பீட்டு மென்பொருளின் ஒரு திரையை மட்டும் சோதிப்பவருக்கும் அப்படித்தான். இவர்களிடம் போய் உலகை மாற்றுகிறோம் என்று பேசுவது ஏமாற்று. ஆனால் அடுத்த மேசை எங்கும் இருக்கிறது. தான் தைத்ததை வாங்கித் தொடர்ந்து தைப்பவருக்கு எந்தத் தையல் தொல்லை கொடுக்கிறது, தான் எழுதிய நிரலால் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் யாரிடம் திட்டு வாங்குகிறார் என்பதை அறிய வைப்பது செலவில்லாத காரியம். பெரும்பாலான நிறுவனங்கள் அதைச் செய்யாததற்குக் காரணம் முடியாமை அல்ல, துறைத் தலைவர்கள் தங்கள் எல்லையைக் காப்பதுதான் என்பது என் துணிபு.

இன்னும் வலுவான மறுப்பு கூலியைப் பற்றியது. நோக்கம் என்று பேசுவதெல்லாம் குறைந்த சம்பளத்தை இனிப்பு தடவிக் கொடுக்கும் வித்தை என்று தொழிற்சங்கக்காரர்கள் சொல்வதை நான் அலட்சியம் செய்யமாட்டேன், ஏனென்றால் ஆய்வே அவர்கள் பக்கம் பேசுகிறது. ஸ்டூவர்ட் பண்டர்சனும் ஜெஃப்ரி தாம்சனும் 2009இல் அமெரிக்க, கனடா விலங்குக் காட்சிச்சாலைப் பராமரிப்பாளர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெரும்பாலோர் பட்டம் பெற்றவர்கள். சம்பளமோ மிகக் குறைவு. வேலை சாணம் அள்ளுவதும் தீனி வைப்பதும். இந்த வேலைக்காகவே தாங்கள் பிறந்ததாக உணர்ந்தவர்கள் அதில் ஆழ்ந்த நிறைவு கண்டார்கள். அதே ஆட்கள்தான் குறைந்த கூலியை ஏற்கவும் சொந்த நேரத்தைத் தியாகம் செய்யவும் ஆயத்தமாக இருந்தார்கள். நிர்வாகம் இதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளுமோ என்ற சந்தேகமும் அவர்களிடம் இருந்தது. நம் ஊர் அங்கன்வாடிப் பணியாளரையும், சுயநிதிப் பள்ளி ஆசிரியரையும், ஒப்பந்தச் செவிலியரையும் நினைத்தால் இந்த ஆய்வுக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. சேவை மனப்பான்மை வேண்டும் என்று இவர்களிடம் சொல்பவர் பெரும்பாலும் நிரந்தரப் பணியில் இருப்பவர். அரவிந்த் மருத்துவமனையைப் பார்த்தும் இதே கேள்வியைக் கேட்கலாம், கேட்டுமிருக்கிறார்கள். அங்கே மருத்துவர்கள் வெளியில் தனியாகத் தொழில் செய்யக்கூடாது, வேலை கடினம், தனியார் மருத்துவமனைகளின் சம்பளம் அங்கே கிடைப்பதில்லை. சிலர் விலகிப்போகிறார்கள். அதைத் துரோகமாகக் கொள்ளாமல், தாங்கள் கற்றதை மற்ற மருத்துவமனைகளுக்கும் கற்றுக்கொடுக்க 1992இல் தனி நிறுவனமே தொடங்கியது அந்த அமைப்பின் தன்னம்பிக்கையைக் காட்டுகிறது. ஆனாலும் என் நிலை மாறவில்லை: நோக்கம் ஊதியத்துக்கு மேல் வைக்க வேண்டியது, ஊதியத்துக்குப் பதிலாக வைக்க வேண்டியது அல்ல.

மறுபடி தேருக்கு வருகிறேன். ஊர் கூடி என்கிறோமே, ஊர் என்றால் யார்? சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் வடம் பிடிக்கும் உரிமை எந்தச் சாதியாருக்கு உண்டு என்ற தகராறு உயர்நீதிமன்றம் வரை போய், தேர் பல ஆண்டுகள் நிலையை விட்டு நகரவே இல்லை. பொது என்ற சொல்லுக்குள் யாரையெல்லாம் சேர்க்கவில்லை என்பதை வைத்துத்தான் அந்தப் பொதுவை மதிப்பிட வேண்டும். பணியிடத்திலும் அப்படியே. சாதனை நாளில் மேடையேறாத ஒப்பந்த ஊழியர், லாபப் பங்கில் பெயரில்லாத துப்புரவுப் பணியாளர் இருக்கும்வரை அங்கே நோக்கம் சிலருடையது, உழைப்பு மட்டும் பொதுவானது.

தனிமனிதரின் பணிவாழ்வுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று மாணவர்கள் கேட்கலாம். ஏமி விரெஸ்னெவ்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, மக்கள் தம் வேலையைப் பிழைப்பு, முன்னேற்றப் படிக்கட்டு, அழைப்பு என மூன்று விதமாகக் காண்கிறார்கள் என்றது. அதில் சுவையான செய்தி, ஒரே வகை வேலை செய்த நிர்வாக உதவியாளர்களுக்குள்ளேயே மூன்று வகையினரும் ஏறத்தாழ சம அளவில் இருந்தார்கள் என்பது. ஆகவே உயர்ந்த வேலை, தாழ்ந்த வேலை என்ற பிரிவு இதைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் இதிலிருந்து, மனப்பான்மையை மாற்றிக்கொள், எல்லாம் சரியாகிவிடும் என்று சுயமுன்னேற்ற நூல்கள் எடுக்கும் முடிவை நான் எடுக்கமாட்டேன். பொது நோக்கம் ஒருவரை வளர்க்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. அந்த நோக்கத்துக்காக அவரிடம் நேற்று ஒப்படைக்காத முடிவு எதையாவது இன்று ஒப்படைக்கிறார்களா? பள்ளிப்படிப்போடு வந்த கிராமத்துப் பெண், சில ஆண்டுகளில் ஒரு சிற்றூரின் பார்வை மையத்தில் கண்ணைச் சோதித்து, யாரை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் நிலைக்கு வருகிறாள் என்றால் அது வளர்ச்சி. பத்து ஆண்டுகள் கழித்தும் அதே கோப்பை அதே மேசைக்கு நகர்த்திக்கொண்டு, சுவரில் மட்டும் நோக்கவுரை மாறிக்கொண்டிருந்தால் அந்த இடத்தை விட்டுக் கிளம்புவதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை.

கடைசி மறுப்பை நானே எழுப்புகிறேன். நோக்கம் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவுக்கு அது மாற்றுக்குரலை நசுக்கும் ஆபத்து இருக்கிறது. எல்லோரும் உயிரைக் கொடுத்து இழுக்கும்போது நிறுத்துங்கள் என்பவன் எதிரியாகிவிடுகிறான். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை எண்ணியபோது, நல்ல தலைமையும் நல்லுறவும் உள்ள குழுக்களில் தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருப்பதைக் கண்டு திகைத்தார். அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததைச் சொல்லப் பயப்படவில்லை என்பது பிறகு விளங்கியது. ஆனால் சொல்ல முடிந்தால் மட்டும் போதாது என்பதற்கு 1986 ஜனவரி 28 சாட்சி. சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். விண்வெளிக்குப் போவதைவிட மேலான பொது நோக்கம் எந்தப் பணியிடத்துக்கு வாய்க்கும்? முந்தைய இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தயக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், இந்தக் குளிரில் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் இறுகி விரைத்துப்போகும், ஏவ வேண்டாம் என்று வாதிட்டார்கள். நாசா தரப்பு எரிச்சல்பட்டது. தயக்கால் நிர்வாகிகள் தனியே கூடினார்கள், பொறியியல் பிரிவின் மேலாளரிடம், பொறியாளராக யோசிப்பதை விட்டு நிர்வாகியாக யோசிக்கச் சொன்னார்கள், முடிவு மாறியது. பேசும் உரிமை பொறியாளர்களுக்கு இருந்தது, பேசினார்கள். சக்கரத்தை நிறுத்தும் கட்டை மட்டும் அவர்கள் கையில் இல்லை. தேரில் அப்படியில்லை, முட்டுக்கட்டை போடுகிறவர் வடம் பிடிப்பவரிடம் அனுமதி கேட்பதில்லை.

அன்றிரவு ஒருவர் மட்டும் கட்டையைப் போட்டுப் பார்த்தார். ஏவுதளத்தில் தயக்காலின் மூத்த பிரதிநிதியாக இருந்த ஆலன் மெக்டொனால்ட், ஏவலாம் என்ற பரிந்துரையில் கையெழுத்திட மறுத்தார். அவருக்குப் பதிலாகத் தலைமையகத்திலிருந்து வேறொருவர் கையெழுத்திட்டு அனுப்பினார். விபத்துக்குப் பின் விசாரணைக் குழுவின் முன் நடந்ததைச் சொன்னதற்காக மெக்டொனால்டை நிறுவனம் பதவியிறக்கியது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்த பிறகு மீண்டும் உயர்த்தி, ராக்கெட் இணைப்புகளைத் திருத்தியமைக்கும் பணியின் பொறுப்பை அவரிடமே கொடுத்தது. அவர் திருத்திய இணைப்புகளோடு 1988 செப்டம்பர் 29 அன்று டிஸ்கவரி விண்ணோடம் பறந்து, பத்திரமாகத் தரையிறங்கியது.